கம்பியில்லா மவுஸின் அசையாமை: கூரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கூரத்தில் கிடைத்த செப்பேடு பல செய்திகளைச் சொல்கிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு விட்ட தானம், அந்தக் கோயிலின் ‘வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம்’ என்ற நீண்ட பெயர், பாலாற்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகுக் கால்வாய், மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒதுக்கிய பங்கு, பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. கல்வெட்டறிஞர் ஹூல்ச் அதைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890-இல் அச்சேற்றினார். கம்பியில்லா மவுஸ் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நீடிக்கும் இந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தச் சிற்றூரை ஆய்வுக்களமாகக் கொண்டதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, கம்பியில்லாத் தகவல் தொடர்பு பற்றிய மிகப் பழைய உள்ளூர்ச் சான்று இங்கேதான் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த கூரத்தாழ்வான் பெருஞ்செல்வர். பகல் முழுக்க அவர் வீட்டில் அன்னதானம் நடக்கும். இரவில் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் காதில் விழுந்து, “அது என்ன சத்தம்?” என்று அவர் வரதராஜப் பெருமாளாகிய பேரருளாளனைக் கேட்டதாகக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. இடையில் பத்து கிலோமீட்டர். கம்பி கிடையாது, செல் கிடையாது, யாரும் எங்கும் ரிசீவர் செருகவில்லை. இன்றைய கம்பியில்லா மவுஸின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் வழக்கமாகப் பத்து மீட்டர். ஆக, கூரத்துக் கதவின் வீச்சு மவுஸின் வீச்சைப்போல் ஆயிரம் மடங்கு. அந்தக் கதவைக்கொண்டு கர்சரை நகர்த்த முடிந்ததற்குச் சான்று உண்டா என்று எதிர்வாதிகள் கேட்கலாம். இல்லை என்று ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. இராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் கூரத்தாழ்வான். “நான் சொல்வது உமக்குச் சரியென்று படாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடும்” என்ற ஏற்பாட்டின்பேரில் வேலை நடந்தது. ஆன்மாவின் இயல்பைப் பற்றிய ஓரிடத்தில் கூரத்தாழ்வானின் எழுத்தாணி நின்றுவிட்டது. இராமாநுஜர் கோபித்துக்கொண்டார். பிறகு தனியே அமர்ந்து யோசித்து, நிறுத்தியதுதான் சரி என்று கண்டு, தம் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார் என்பது மரபுவழி வரலாறு. உலகில் எழுதுகருவி நின்றுபோன நிகழ்ச்சிகள் எத்தனையோ உண்டு. அது நின்றதற்குக் காரணம் தன் பக்கத்தில் இருக்குமோ என்று பயனாளர் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சி இது ஒன்றுதான், இவ்வாய்வுக்கு எட்டியவரையில்.

நின்றுபோன மவுஸைப் பற்றிக் காஞ்சி வட்டாரத்தில் ஏன் இவ்வளவு கவலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். மற்ற ஊர்களில் மவுஸ் நின்றால் ஒரு கடிதம் நிற்கும், ஒரு சீட்டாட்டம் நிற்கும். இங்கே தறி நிற்கும்.

பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர் ஒரு காலத்தில் கிராப் தாளில்தான் போட்டார். தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். கட்டம் நிரப்பியிருந்தால் பாவு இழை எழும்ப வேண்டும், வெற்றாக இருந்தால் படுத்திருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டை அடிக்கிறவர் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டையில் ஓட்டை போடுவார். அட்டைகளைக் கயிற்றால் வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். நெசவாளர் கட்டையை மிதிக்கும்போது ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி எழும்பும், இழை எழும்பும், அன்னம் கழுத்தை நீட்டும். இன்று அந்தக் கிராப் தாள் பெரும்பாலும் கணினித் திரைக்குள் போய்விட்டது. அன்னம், யாளி, மயில், ருத்ராட்சம், கோபுரக்கரை எதுவானாலும் டிசைனர் மவுஸைப் பிடித்துக் கட்டம் கட்டமாகக் கிளிக் செய்துதான் திருத்துகிறார். மவுஸ் ஒரு கட்டம் துள்ளினால் மயிலின் அலகு ஒரு கட்டம் விலகும். புட்டா திரும்பத் திரும்ப வருவது. ஆகவே அந்தக் கோணல் அலகு புடவை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். முகூர்த்தப் புடவையில் நூறு மயில் இருந்தால் நூறும் ஒரே பக்கம் வாய் கோணி நிற்கும். பெண் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள்.

தறிக்கும் மவுஸுக்கும் இருக்கும் உறவு இத்தோடு முடியவில்லை. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஓட்டை அட்டை முறை பட்டுத்துணிக்காகப் பிறந்தது. அதே உத்தியை ஹாலரித் 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணப் பயன்படுத்தினார். கணினி அந்த வழியில் வந்தது. கிளை ஒன்று வேறு திசையில் போனது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 ஆகஸ்டில் ஒரு காப்புரிமை பெற்றார்கள். ரேடியோ அலைவரிசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் எதிரி நீர்மூழ்கிக் குண்டின் கட்டுப்பாட்டைக் குலைக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். எப்போது எந்த அலைவரிசைக்குத் தாவ வேண்டும் என்பதை அவர்கள் எதில் குறித்தார்கள்? தானே வாசிக்கும் பியானோவில் சுற்றும் ஓட்டைத் தாள் சுருளில். பியானோக் கட்டைகளைப்போல 88 அலைவரிசைகள். இன்று புளூடூத் செய்வதும் அதே தாவல்தான். புளூடூத்தின் மூல முறை 79 அலைத்தடங்களுக்குள் வினாடிக்கு 1,600 முறை தாவுகிறது. காஞ்சிபுரத்து ஜக்கார்டு பெட்டியும் அதன் அடியில் மேசைமேல் கிடக்கும் புளூடூத் மவுஸும், ஆக, ஓட்டைக் காகிதத்தின் வழியில் தூரத்துச் சொந்தம். புளூடூத் என்ற பெயருக்கு உரிய டென்மார்க் அரசர் ஹரால்டு கூரத்துச் செப்பேட்டுக்கு முந்நூறு ஆண்டு இளையவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வேறு இடத்தில் சொல்ல வாய்ப்பு வராது.

மவுஸின் சொந்த வரலாறு சிறியது. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-இல் மரத்தில் முதல் மவுஸைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைப் பொதுமேடையில் காட்டினார். 1970 நவம்பர் 17-இல் காப்புரிமை கிடைத்தது. கம்பியை அறுக்கும் முயற்சி 1984-இல் அகச்சிவப்பு ஒளி கொண்டு தொடங்கியது. மவுஸுக்கும் கணினிக்கும் நடுவே காபி தம்ளர் வந்தாலும் தொடர்பு அறுந்துபோகும் காலம் அது. 1991-இல் லாஜிடெக் ரேடியோ மவுஸ் கொண்டுவந்த பிறகே தம்ளருக்கு விடுதலை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற மத்திய அரசின் விதி 2005 ஜனவரியில் வந்தது. இன்று கடையில் தொங்கும் கம்பியில்லா மவுஸ்களில் பெரும்பாலானவை பேசுவது இந்த அலைவரிசையில்தான்.

கம்பியை அறுத்ததில் நன்மை என்ன என்பதை விளம்பரங்கள் சொல்லிவிட்டன. அறுத்ததால் பழுதுக்கு நேர்ந்த கதியை யாரும் சொல்லவில்லை. வயர் மவுஸ் நின்றால் கண் நேராக வயருக்குப் போகும். எலி கடித்திருக்கும், நாற்காலிச் சக்கரம் ஏறியிருக்கும், பின்னால் பிளக் கழன்றிருக்கும். மூன்றும் கண்ணால் காணக்கூடியவை. கம்பி போன பிறகு பழுது அருவமாகிவிட்டது. அருவமான பொருளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாம் என்பது வேதாந்தம் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆகவே இந்தப் பொருளை வேதாந்த முறையில்தான் அணுக வேண்டும் என்று இவ்வாய்வு துணிகிறது.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் எதிர்த்தரப்பை முழுக்க எடுத்துச் சொல்லும் மகாபூர்வபட்சம் என்ற பகுதி உண்டு. எதிரியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது மரபு. மவுஸ் விஷயத்தில் பூர்வபட்சிகள் நான்கு மதத்தினர். சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்பவர் முதல் மதம். இவர்கள் எதற்கும் ரீஸ்டார்ட் என்ற ஒரே பரிகாரம் சொல்வார்கள். வைரஸ் வந்துவிட்டது என்பது இரண்டாம் மதம். மூன்றாமவர் மாயாவாதிகள். மவுஸ் சரியாகத்தான் வேலை செய்கிறது, திரைதான் நின்றுவிட்டது என்பார்கள். “போர்டு போயிடுச்சுங்க, மாத்தணும்” என்பது நான்காவது மதம். இது கடைகளில் மட்டும் காணப்படுவது, கட்டணத்தோடு வருவது.

ரீஸ்டார்ட் மதத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ரிசீவர் சில சமயம் கணினியோடு உள்ள பேச்சை மறந்துவிடும். மறுபடி தொடங்கினால் அறிமுகம் புதிதாக நடந்து வேலை செய்யும். ஆனால் அதற்குக் கணினியை நிறுத்த வேண்டியதில்லை, ரிசீவரை உருவி வேறு துளையில் செருகினால் போதும். மற்ற மூன்று மதங்களையும் பிரமாணங்களைக் கொண்டு மறுக்கலாம்.

விசிஷ்டாத்வைதம் ஏற்கும் பிரமாணங்கள் மூன்று: பிரத்யட்சம், அனுமானம், சப்தம். கண்ணால் காண்பது, காரணம் கொண்டு ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்பது.

பிரத்யட்சம் எளிது. மவுஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுத்து வரும்போது அது தானே நகர்ந்துவிடும். கூட்டிச் சுத்தம் செய்கிறவர் மேசையைத் துடைக்கும்போதும் நகர்ந்துவிடும். அடுத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். இங்கேதான் பிரத்யட்சம் வழுக்குகிறது. பல கம்பியில்லா மவுஸ்கள் சிவப்பு விளக்குக்குப் பதிலாக அகச்சிவப்பு விளக்கு வைத்திருக்கின்றன. அது எரிந்தாலும் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. “லைட்டே எரியலை, செத்துப்போச்சு” என்று குப்பைக்குப் போன நல்ல மவுஸ்களின் ஆன்மா சாந்தியடைய வேண்டும். காணாதது இல்லாததாகிவிடாது என்பதை வேதாந்திகள் இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்டால்தானே.

அனுமானத்துக்குத் தருக்க நூல்கள் தரும் உதாரணம், மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது. மவுஸ் ஆய்வில் அதற்கு நிகரான உதாரணம்: சுவர்க்கடிகாரம் ஓடுகிறது, ஆகவே மவுஸில் செல் இல்லை. நேற்று வரை நாலு மணி பத்து நிமிடத்தில் நின்றிருந்த கடிகாரம் இன்று காலை சரியான நேரம் காட்டினால், வீட்டில் யாரோ நல்லது செய்திருக்கிறார் என்று பொருள். இரண்டும் கேட்பது ஒரே பென்சில் செல்தான். மவுஸ் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பள்ளம் மட்டும் இருக்கும். ஒருவேளை செல் இருந்தால் அது கடிகாரத்திலிருந்து இறக்கிய பழைய செல்லாக இருக்கும். இதை இடமாற்றம் என்று சொல்லலாமே ஒழிய திருட்டு என்று சொல்ல முடியாது.

பழைய செல்லை உயிர்ப்பிக்கத் தமிழ்நாட்டில் மூன்று வழக்கங்கள் உண்டு: கட்டை விரலால் உள்ளேயே உருட்டுவது, வெயிலில் வைப்பது, பல்லால் கடிப்பது. ஆய்வுலகம் இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. செல்லின் முனையிலும் மவுஸுக்குள் இருக்கும் சுருள் கம்பியிலும் துரு படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். உருட்டும்போது அந்தப் படலம் கீறப்பட்டுத் தொடர்பு திரும்பக் கிடைக்கிறது. சூடேறினால் உள்ளிருக்கும் வேதிவினை சற்று வேகமெடுத்து, செத்த செல் கொஞ்ச நேரம் எழுந்து உட்காரும். கடிப்பதற்கு மட்டும் இவ்வாய்வு பரிந்துரை செய்யாது. பல் போனால் திரும்ப வராது, செல் ஒழுகினால் வாய் புண்ணாகும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சாதாரணப் பென்சில் செல் 1.5 வோல்ட், திரும்ப சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் 1.2 வோல்ட். சில மவுஸ்கள் நிக்கல் செல்லைப் போட்ட முதல் நாளே ‘பேட்டரி தீர்ந்தது’ என்று புலம்பும். அந்தப் புலம்பலை நம்ப வேண்டியதில்லை.

புதிய மவுஸில் வரும் செல்லின் கதை வேறு. செல்லுக்கும் உலோக முனைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்றைச் செருகி அனுப்புவார்கள், வழியில் செல் தீர்ந்துவிடக் கூடாதென்று. அதை இழுத்து எடுக்காமல் மூடியைச் சாத்திவிட்டு, கம்பெனியைத் திட்டுவது மவுஸ் வாங்கியவர் செய்யும் முதல் சடங்கு. ரிசீவரும் அதே வயிற்றுக்குள் செல்லின் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். விரல் நகம் அளவுதான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, கடைக்காரரிடம் “ரிசீவரே வைக்கலீங்க” என்று சண்டைக்குப் போன பிறகுதான் அது கண்ணில் படும்.

மூன்றாம் பிரமாணமான சப்தத்தில் இரண்டு உட்பிரிவு. பெட்டிக்குள் வரும் கையேட்டுத் தாள் ஒன்று. பல மொழிகளில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கும் அதை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தவர்களாலும் திரும்ப மடிக்க முடிந்ததில்லை. இன்னொன்று சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகனின் வாக்கு. நடைமுறையில் இதுவே வேதம். காஞ்சி வட்டாரத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடக்கும் அந்த உரையாடலின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“மாமா, அடியில சுவிட்ச் ஆன்ல இருக்கா?”

“இருக்குப்பா.”

“செல்லு?”

“காலையிலதான் போட்டேன். புதுசு.”

“யுஎஸ்பி எங்க சொருகியிருக்கீங்க?”

“பின்னாடி. அங்கதானே ஓட்டை இருக்கு.”

“அதை எடுத்து முன்னாடி சொருகுங்க.”

“முன்னாடி உங்க அத்தை போன் சார்ஜ் போட்டிருக்கா.”

அத்தையின் போனை எடுக்கச் சொல்லும் துணிவு மருமகனுக்கு இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் பௌதிகம் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதற்கு இரும்பு ஆகாது. மேசைக்கு அடியில் தரையில் நிற்கும் சிபியுவின் முதுகில் ரிசீவரைச் செருகினால், மேசைமேல் இருக்கும் மவுஸுக்கும் அதற்கும் நடுவே முழு இரும்புப் பெட்டி நிற்கிறது. பக்கத்தில் ஸ்டீல் பீரோ இருந்தால் இன்னும் விசேஷம். இதற்குச் சிறந்த மருந்து ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்பு வயர். அதன் ஒரு முனையைச் சிபியுவில் செருகி, மறு முனையில் ரிசீவரை மாட்டி மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் மவுஸ் அருமையாக ஓடும். கம்பியில்லா மவுஸ் ஒழுங்காக ஓட ஒரு கம்பி வேண்டும் என்ற இந்த முடிவை நையாண்டிக்காகப் புனைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். இன்டெல் நிறுவனம் 2012-இல் இதே விஷயத்துக்காக ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. யுஎஸ்பி 3.0 துளையும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன, பக்கத்தில் இருக்கும் கம்பியில்லா மவுஸ் தடுமாறுகிறது, ரிசீவரைத் தள்ளி வையுங்கள் என்பது அதன் சாரம். நீல நிற நாக்குள்ள துளைக்குப் பக்கத்தில் ரிசீவரைச் செருகாதீர்கள் என்று மருமகன் வேறொரு நாள் சொன்னதும் இதைத்தான். அவர் அறிக்கை படித்துச் சொன்னாரா, பட்டறிந்து சொன்னாரா என்று ஆராய்வது இங்கே தேவையில்லை.

மிக நுட்பமான பகுதி இனிமேல்தான் வருகிறது. தமிழ்நாட்டு அலுவலக மேசையின் மேல் கண்ணாடி போட்டிருப்பார்கள். கண்ணாடிக்கு அடியில் 2019-இல் எழுந்தருளிய அத்தி வரதர் படம், ஜரிகை வியாபாரியின் விசிட்டிங் கார்டு, மின்கட்டணக் கணக்கு, ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் படம், பழைய மாதக் காலண்டர் தாள். இதன்மேல் மவுஸை வைத்தால் கர்சர் நிற்கும், அல்லது திரையின் மூலைக்கு ஓடும், அல்லது ஓர் இடத்திலேயே நடுங்கும். நல்ல செல், ரிசீவர் மேசைமேல், சுவிட்ச் ஆன். ஆனாலும் ஓடாது. பூர்வபட்சிகள் அனைவரும் ஒன்றுகூடி “போர்டுதான்” என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இது.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கேமரா. 1999-இல் மைக்ரோசாப்ட் விற்கத் தொடங்கிய இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் வினாடிக்கு 1,500 படம் எடுத்தது. பக்கத்தில் இருக்கும் விளக்கு சாய்வாக ஒளி வீசும். காகிதத்தின் நார், மரத்தின் ரேகை, துணியின் இழை எல்லாம் நுண்ணிய நிழல் போடும். அடுத்தடுத்த படங்களில் அந்த நிழல்கள் எவ்வளவு தள்ளிப்போயின என்று பார்த்துத்தான் மவுஸ் தன் நகர்வை அறிகிறது. அந்தக் கேமரா சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதைத்தான் தெளிவாகப் பார்க்கும். மேசைக் கண்ணாடியின் கனமே அதைவிட அதிகம். வழவழப்பான கண்ணாடியின் மேல் நிழல் விழ ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் அத்தி வரதர் பார்வைக்கு மங்கல். எதைப் பார்த்து நகர்வை அறிவது? கேமரா எழுதுவதை நிறுத்திவிடுகிறது. கூரத்தாழ்வான் எழுத்தாணியை நிறுத்தியபோது இராமாநுஜர் தம் வாக்கியத்தைச் சோதித்ததுபோல், மவுஸ் நிற்கும்போது மேசையைச் சோதிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் சித்தாந்தம். தட்டுவது, உதறுவது, மேசையில் ஓங்கி அடிப்பது எல்லாம் பூர்வபட்சத்தைச் சேர்ந்தவை.

மாற்றுப் பரப்பாக எதை வைப்பது என்பதில் பலவித ஆராய்ச்சிகள் நடந்தேறிவிட்டன. கல்யாணப் பத்திரிகையின் முகப்புப் பக்கம் பொன்தாளில் மின்னுவதால் உதவாது. அதே பத்திரிகையைத் திருப்பி வைத்தால் நன்றாக ஓடும். செய்தித்தாள் மிக நல்லது, ஆனால் மடிப்பில் ஏறும்போது மவுஸ் தடுக்கும். டிசைன் அறைகளில் இதற்கு மிஞ்சிப்போன கிராப் தாள் அட்டை கிடைக்கும். 1980-களில் ஸ்டீவ் கிர்ஷ் செய்த முதல் தலைமுறை ஒளி மவுஸ் கட்டங்கள் அச்சிட்ட தனி உலோகத் தகட்டின் மேல்தான் ஓடியது என்பது இங்கே நினைவுக்கு வரும். கணினி வந்ததால் வேலை இழந்த கிராப் தாளுக்குக் கணினியின் காலடியிலேயே மறுவேலை கிடைத்ததும் ஒரு வகையில் நல்லதே. கண்ணாடியிலும் ஓடும் மவுஸ் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. லாஜிடெக் 2009-இலிருந்து அத்தகைய உணரியுள்ள மவுஸை விற்கிறது. விலை கேட்டவர்கள் பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

ஜோடிப் பொருத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மவுஸுக்கும் தன் ரிசீவரை அடையாளம் காணும் எண் உள்ளே பதிந்திருக்கும். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாளில் வாங்கிய இரண்டு மவுஸ்களின் ரிசீவர்கள் மாறிப்போனால் இரண்டும் ஓடாது. ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணத்தில் மணமேடைக்கு வேறு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தது போன்ற நிலைமை. ரிசீவர் தொலைந்தால் பல மவுஸ்களுக்கு மறுமணம் கிடையாது. ஒரே ரிசீவரில் ஆறு கருவிகள் வரை சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்தது. அதை இங்கே கல்யாணத்தோடு ஒப்பிட இவ்வாய்வு விரும்பவில்லை.

ஒரே கிளிக் இரண்டு கிளிக்காக விழும் நோய் தனி. அது செல்லாலும் வருவதில்லை, கண்ணாடியாலும் வருவதில்லை. பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறிய சுவிட்சின் உலோக நாக்கு தேய்ந்து, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை துள்ளுகிறது. கட்டம் நிரப்ப ஒரு கிளிக், அழிக்க இன்னொரு கிளிக் என்று வைத்திருக்கும் டிசைன் மென்பொருளில் இந்த நோய் வந்தால் நிரப்பிய கட்டம் அந்த நொடியே வெறுமையாகிவிடும். மென்பொருளில் என்ன மாற்றினாலும் தீராது. சுவிட்சை மாற்ற வேண்டும், அல்லது மவுஸை. நான்காம் மதத்தினர் சொல்வது உண்மையாகும் அரிய தருணம் இது ஒன்றுதான். அவர்களையும் ஒரேயடியாகப் பழிக்க வேண்டாம்.

டிசைன் அறை வைத்திருப்பவர்களிடமும், ஊர்தோறும் இ-சேவை மையம் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய வயர் மவுஸைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வயரைச் சுற்றி இழுப்பறையில் வைத்திருங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டிய டிசைன் பாதியில் நிற்கும் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கூரத்தில் பென்சில் செல் வாங்கக் கடையைத் தேடி அலைய வேண்டாம்.